மழை நம் குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்

(விடுமுறை மெம்பர்ஷிப்பை மறுவிற்பனை செய்வது, அதற்குத் தரகரைத் தேர்ந்தெடுப்பது, விலை வைப்பது குறித்த ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வியாபாரம் பற்றிய பயான் என்றால், "அது கடைக்காரர்களுக்கு, நமக்கென்ன" என்று சிலர் தூணில் சாய்ந்துகொள்வார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது எதையும் விற்காதவர் நம்மில் யார்? பழைய பைக்கை விற்கிறோம். அவசரத்துக்கு மனையை விற்கிறோம். கல்யாணச் செலவுக்கு நகையை விற்கிறோம். அந்த ஒரு நாளில் நாமும் வியாபாரிதான். கடைக்காரருக்கு மார்க்கம் வைத்த சட்டங்கள் எல்லாம் அன்று நமக்கும் பொருந்தும்.

இந்த வாரம் எடுத்துக்கொண்டது, சமீப காலமாக வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் கேட்கும் ஒரு மஸ்அலா. "ஹஜ்ரத், ஹாலிடே மெம்பர்ஷிப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பயன்படவில்லை. விற்கலாமா? தரகர் ஒருவர் வருகிறார், அவரை நம்பலாமா? என்ன விலை சொல்வது?" என்று கேட்கிறார்கள். கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் நம் ஈமானையும் நாணயத்தையும் சோதிக்கும் விஷயம் இதற்குள் இருக்கிறது.

இது என்ன பொருள்?

தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். டைம் ஷேர் என்று இதைச் சொல்வார்கள். ரிசார்ட்டையோ அறையையோ நீங்கள் சொந்தமாக வாங்குவதில்லை. வருடத்தில் ஒரு வாரம், இன்ன சீசனில், இன்ன அளவு அறையில் தங்கிக்கொள்ளும் உரிமையைப் பல வருடங்களுக்கு மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை இது. தமிழ்நாட்டுக்கும் பழையதுதான். 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் தொடங்கியது. 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. அவர்களுடைய கிளப் மஹிந்திராவின் 25 வருட மெம்பர்ஷிப் பலருக்குத் தெரிந்திருக்கும். சீசனுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்திருப்பார்கள். ஆரம்பத்தில் கட்டும் தொகை போக, ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று சந்தாவும் கட்ட வேண்டும்.

மார்க்கத்தில் இது கூடுமா? ஒரு பொருளை வாங்குவது போல, அதன் பயனை மட்டும் வாங்குவதும் கூடும். அரபியில் மன்ஃபஅத் என்பார்கள். வீட்டு வாடகை அதுதானே! 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இந்த டைம் ஷேர் ஒப்பந்தங்களை ஆராய்ந்து, நிபந்தனைகளோடு கூடும் என்று முடிவு செய்தது. என்ன அறை, எந்தக் காலம், எத்தனை வருடம் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். வட்டியோடு சேர்த்துத் தவணை கட்டி வாங்கியிருந்தால் அந்த வட்டி ஹராம். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்று விற்பதைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

ஒருவர் 4 லட்சம் கொடுத்து வாங்கினார் என்று வையுங்கள். லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, கேட்ட தேதியில் அறை இல்லை என்று வருடங்கள் ஓடிவிட்டன. சந்தா மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. விற்கலாம் என்று விசாரித்தால் 1 லட்சத்துக்குக்கூட ஆள் வரவில்லை. அப்போது மனசுக்குள் ஒரு குரல் கேட்கும். "எப்படியாவது போட்ட காசை எடுத்துவிட வேண்டும்." அந்த 'எப்படியாவது' என்ற சொல் இருக்கிறதே, ஷைத்தான் நுழையும் வாசல் அதுதான்.

மழையில் கரைந்த உப்பு

நாம் மரக்காணத்துக்காரர்கள். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாத்தியைச் சீர்செய்து, தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் நின்று உப்பு வாருகிறவரின் உழைப்பு நமக்குத் தெரியும். திடீரென்று ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கண் முன்னால் கரைந்து போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது தடவை விளைந்த உப்பை விற்கும்போது அவர் என்ன விலை சொல்வார்? "போன மாசம் மழையில் கரைந்ததையும் சேர்த்துக் கொடு" என்று லாரிக்காரரிடம் கேட்க முடியுமா? லாரிக்காரர் கையில் இருக்கும் உப்புக்கு அன்றைய விலையைத்தான் தருவார். கரைந்தது கரைந்ததுதான். மனம் வலிக்கும். ஆனாலும் அந்த உப்புக்கு விலை சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர்.

சகோதரர்களே, நீங்கள் அன்று கொடுத்த 4 லட்சமும் அப்படித்தான். அதில் ஒரு பகுதி விற்பனைப் பிரதிநிதியின் கமிஷனாக, விளம்பரமாக, ஓட்டலில் நடந்த விருந்தாகப் போயிருக்கும். ஒரு பகுதி நீங்கள் பயன்படுத்தாமல் விட்ட வருடங்களாகக் கரைந்துவிட்டது. இன்று உங்கள் கையில் இருப்பது மீதி வருடங்கள் மட்டும். விற்பதற்கு உங்களிடம் இருப்பது அதுதான். அதற்குத்தான் விலை கேட்க வேண்டும். உங்கள் நஷ்டம் உங்களுக்கு வந்த சோதனை. வாங்குபவர் அதை அடைக்க வேண்டிய கடனாளி இல்லை.

ஈரத்தை மேலே வை

நபி (ஸல்) அவர்கள் மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று நபியவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்தது அவர் குற்றமில்லை. நபியவர்கள் மழைக்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. நனைந்தது கண்ணுக்குத் தெரியட்டும், அதற்குத் தக்க விலை போகட்டும் என்பதுதான் அதில் உள்ள பாடம்.

உங்கள் மெம்பர்ஷிப்பில் ஈரம் எது? வாங்குபவர் தெரிந்துகொண்டால் யோசிப்பார் என்று நீங்கள் நினைக்கும் ஒவ்வொன்றும் ஈரம்தான். எத்தனை வருடம் மீதி இருக்கிறது? எந்த சீசன்? பள்ளிக்கூட விடுமுறையில் அறை கிடைக்குமா? ஆண்டுச் சந்தா இப்போது எவ்வளவு, கடந்த சில வருடங்களில் எவ்வளவு ஏறியது? சந்தா பாக்கி இருக்கிறதா? தவணை மீதி இருக்கிறதா? பெயர் மாற்ற நிறுவனம் எவ்வளவு கட்டணம் கேட்கிறது? முதலில் வாங்கியவருக்கு உள்ள சலுகைகள் எல்லாம் இரண்டாவதாக வருபவருக்கும் கிடைக்குமா?

இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். வாங்குபவர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் கொடுங்கள். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது அதன் கருத்து. வந்த பணம் அதே தொகைதான். பரக்கத் இருப்பதும் போவதும் அந்தத் தாளில் இருக்கிறது.

"எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "ஹஜ்ரத், எனக்கு விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று குடும்பத்தோடு கூப்பிட்டு, மூன்று மணி நேரம் பேசி, அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். நான் மட்டும் ஏன் எல்லாவற்றையும் சொல்லி நஷ்டப்பட வேண்டும்?"

இந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தால், அதைச் செய்தவர் மீது உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்க வழியும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அங்கே போங்கள், வாதாடுங்கள், அது உங்கள் ஹக்கு.

ஆனால் உங்களிடம் வாங்க வருபவர் உங்களுக்கு எந்த அநியாயமும் செய்யவில்லை. ஒருவர் நம் காலை மிதித்தார் என்பதற்காக, அடுத்து வருபவர் காலை நாம் மிதிக்கலாமா? அவர் யார் தெரியுமா? புதிதாகக் கல்யாணமான ஒரு பையனாக இருக்கலாம். ரிட்டையர் ஆன பணத்தோடு வரும் ஒரு பெரியவராக இருக்கலாம். நாளை ஜும்ஆவில் உங்கள் தோளோடு தோள் ஒட்டி அதே ஸஃப்பில் நிற்பவராகவும் இருக்கலாம். நம்மிடம் ஏமாந்தால் அவரும் இதே வார்த்தையைச் சொல்லி அடுத்தவரிடம் தள்ளப் பார்ப்பார். இந்தச் சங்கிலி ஓர் இடத்தில் அறுபட வேண்டும். அது என்னிடம் அறுபடட்டும் என்று சொல்பவர்தான் முஃமின்.

அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றித் தனி ஸூராவே இறங்கியிருக்கிறது. ஸூரத்துல் முதஃப்பிஃபீன், 83-வது அத்தியாயம். தாங்கள் பெறும்போது முழுமையாகப் பெற்றுக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அது எச்சரிக்கிறது. தராசு மட்டும்தான் அளவை என்று நினைக்காதீர்கள். நான் வாங்கும்போது முழுத் தகவலும் வேண்டும், விற்கும்போது பாதி போதும் என்பதும் அளவை மோசடியின் சாயல்தான்.

விலை வைப்பது எப்படி?

விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி ஸஹாபாக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஆக்குபவன் அல்லாஹ் என்றும், எவருடைய உரிமையையும் பறித்த நிலையில் அவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்றும் கருத்துப்பட பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஆகவே இன்ன பொருளுக்கு இன்ன விலைதான் என்று மார்க்கம் பொதுவாகக் கட்டிவைக்கவில்லை. இரு தரப்பும் மனம் ஒப்பிய விலை கூடும். ஆனால் மனம் ஒப்புவது என்றால், விஷயம் தெரிந்து ஒப்புவது. தெரியாமல் தலையாட்டுவது திருப்தி ஆகாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இது உதாரணத்துக்கு மட்டும். உங்களுக்கு 15 வருடம் மீதி இருக்கிறது. அதே ஊரில் அதே தரத்து அறை வெளியில் ஒரு இரவுக்கு 4,000 ரூபாய். 7 இரவுக்கு 28,000. உங்கள் ஆண்டுச் சந்தா 20,000. அப்படியென்றால் வாங்குபவருக்கு வருடத்துக்கு மிச்சமாவது 8,000 ரூபாய்தான். 15 வருடத்துக்கு 1,20,000. அதிலும் அவர் இன்றைக்கே மொத்தமாகக் கொடுக்கிறார். ஏதாவது ஒரு வருடம் போக முடியாமல் போகலாம். சந்தா ஏறலாம். பெயர் மாற்றும் கட்டணமும் உண்டு. ஆகவே 1,20,000 என்பது உச்சம். அதற்கும் கீழேதான் நியாயமான விலை இருக்கும். சந்தாவும் வெளி வாடகையும் சமம் என்றால், அந்த மெம்பர்ஷிப்பின் விலை பூஜ்யம்தான். கசப்பாக இருக்கும். கணக்கு அதைத்தான் சொல்கிறது. அப்படிப்பட்டதை விற்கப் பாடுபடுவதைவிட, நிறுவனத்திடமே திரும்ப ஒப்படைக்க வழி இருக்கிறதா என்று கேட்பது நல்லது. சந்தாச் சுமையை விளங்கிக்கொண்டு, விரும்பி ஏற்கும் ஒருவருக்கு ஹிபாவாகக் கொடுத்துவிடலாம்.

"நான் 4 லட்சத்துக்கு வாங்கினேன், 2 லட்சத்துக்குத் தருகிறேன்" என்று சொல்லி விற்பது பற்றியும் கேட்கிறார்கள். நம் ஃபிக்ஹு நூல்களில் வியாபாரம் இரண்டு விதமாகப் பிரிக்கப்படுகிறது. வாங்கிய விலையைச் சொல்லாமல் பேரம் பேசி விற்பது முஸாவமா. அதில் நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கிய விலையைச் சொல்லி அதை அடிப்படையாக வைத்து விற்பது அமானித வியாபாரம். லாபம் வைத்தால் முராபஹா, குறைத்து விற்றால் வளீஆ. அந்த வழியில் இறங்கிவிட்டால் சொல்லும் விலை உண்மையாக இருக்க வேண்டும். தவணையில் வாங்கியதையும், இத்தனை வருடம் கழிந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4 லட்சம் என்பது பொய்யில்லை. ஆனால் சந்தையில் 80,000-க்குக் கிடைப்பதை, 4 லட்சத்தைக் காட்டி 2 லட்சத்துக்குத் தள்ளினால், வாங்குபவர் பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுப் போவார். உண்மையான ஒரு எண்ணைத் தூண்டிலில் மாட்டி வீசியிருக்கிறோம். விபரம் தெரியாமல் நம்மை நம்பி வருபவரை ஃபிக்ஹில் முஸ்தர்ஸில் என்பார்கள். அவரை அளவுக்கு மீறிய விலையில் ஏமாற்றுவதை இமாம்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். "நீங்க சொன்னா சரிதான் பாய்" என்று ஒருவர் சொன்னால், பேரம் அதோடு முடிந்தது, அமானிதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவரிடம் சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

தரகர் உங்கள் நாவு

இப்போது தரகருக்கு வருவோம். தரகுத் தொழில் தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புகாரியில் தரகுக் கூலிக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) போன்றோர் அதில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி அங்கே பதிவு செய்கிறார்கள். கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரலி) ஒரு செய்தி அறிவிக்கிறார்கள். மதீனாவில் அவர்களைத் தரகர்கள் என்று அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைவிட அழகாக, வியாபாரிகளே என்று அழைத்தார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதோடு தர்மத்தையும் கலந்துகொள்ளச் சொன்னார்கள். தொழிலுக்குக் கண்ணியமும் கொடுத்தார்கள், அதன் நோய் எது என்றும் காட்டினார்கள். நோய் நாக்கில் இருக்கிறது.

தரகரை வைத்தால் "நான் பொய் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்" என்று தப்பிக்கலாம் என்று நினைப்பவர் உண்டு. தரகர் பேசுவது உங்கள் சார்பில். அவர் பொய் சொல்வார் என்று தெரிந்தே நியமித்தால், அந்தப் பொய்யை நீங்கள் கூலி கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 238, ஏஜென்ட் தன் வேலையினூடே செய்யும் பொய்யும் மோசடியும் அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை அவரை நியமித்தவரே செய்ததற்குச் சமம் என்கிறது. துன்யாவின் கோர்ட்டிலேயே இப்படி என்றால், மஹ்ஷரில் எப்படி இருக்கும்?

ஆகவே தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது "எவ்வளவுக்கு விற்றுத் தருவீர்கள்" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "வாங்குபவரிடம் என்ன சொல்லி விற்பீர்கள்" என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய தாளைக் கொடுத்து, இதை அப்படியே காட்டுவீர்களா என்று கேளுங்கள். "இதையெல்லாம் சொன்னா விக்காது பாய்" என்று சிரித்தால், அவர் உங்களுக்கான தரகர் இல்லை. உங்களுக்காக இன்னொருவரை ஏமாற்றுபவர், நாளை இன்னொருவருக்காக உங்களை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

முன்பணம் கேட்பவர்

இரண்டாவது, கூலி எப்போது? நம் ஷாஃபிஈ ஃபிக்ஹில் ஜுஆலா என்று ஒரு பாடம் உண்டு. காணாமல் போன ஒட்டகத்தைக் கண்டுபிடித்துத் தந்தால் இவ்வளவு என்று சொல்வது போல. வேலை முடிந்தால்தான் கூலிக்கு உரிமை வரும். தரகுக்குப் பொருத்தமான முறை இதுதான். விற்ற பிறகு இத்தனை சதவீதம் அல்லது இவ்வளவு ரூபாய் என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் ஒருவர் கூப்பிடுவார். "உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஆள் ரெடி, 5 லட்சத்துக்குக் கேட்கிறார்" என்பார். நீங்கள் எதிர்பார்க்காத விலை. பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, என்ஓசி என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார். கட்டக் கட்டப் புதிதாக ஒன்று முளைக்கும். வாங்குபவர் மட்டும் வரவே மாட்டார். இது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. 2023-ல் அமெரிக்கக் கருவூலத் துறை, மெக்சிகோவின் புவெர்த்தோ வயார்த்தா பகுதியில் டைம் ஷேர் மோசடியில் ஈடுபட்டதாகப் போதைப்பொருள் கும்பலோடு தொடர்புடைய ஆட்கள், நிறுவனங்கள் மீது தடை விதித்தது. டைம் ஷேரை விற்க நினைத்த வயதானவர்களும் அந்த வலையில் விழுந்தார்கள். விற்பதற்கு முன்பே கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமும் மக்களுக்கு அறிவுரை சொல்கிறது.

ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆள் உண்மையிலேயே தயார் என்றால், அவர் தரும் பணத்திலிருந்தே உங்கள் கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நாணயமானவர் பேசுவார். மோசடிக்காரர் போனை வைத்துவிடுவார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். இல்லாத வாங்குபவரைக் காட்டி ஆசை மூட்டுவது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த நஜ்ஷுக்கு ஒப்பானது. வாங்கும் எண்ணம் இல்லாதவர் நின்று விலையை ஏற்றிக் கேட்பதுதான் நஜ்ஷ். இங்கே 5 லட்சம் என்ற வார்த்தையில் நாம் மயங்குவதற்கும் காரணம் அதே "போட்ட காசை எடுக்க வேண்டும்" என்ற ஆசைதான். நியாய விலையைக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர் அந்த வார்த்தையைக் கேட்டதுமே சந்தேகப்படுவார்.

மேலே உள்ளது எனக்கு

மூன்றாவது, தரகர் எங்கிருந்தெல்லாம் சம்பாதிக்கிறார்? "உங்களுக்கு 80,000 தந்துவிடுகிறேன், மேலே கிடைப்பது எனக்கு" என்பது நம் ஊர் மனை வியாபாரத்திலும் பழக்கமான பேச்சு. இதை இப்னு அப்பாஸ் (ரலி), இப்னு ஸீரீன் (ரஹ்) போன்றோர் அனுமதித்ததாக அதே புகாரிப் பாடத்தில் வருகிறது. ஹன்பலி மத்ஹபில் கூடும். பெரும்பாலான இமாம்கள், கூலி எவ்வளவு என்று தெரியாததால் இது சரியில்லை, வழக்கமான கூலிதான் சேரும் என்கிறார்கள். பேணுதலானது தொகையைப் பேசிவிடுவது.

அனுமதித்தவர்கள் சொன்னதிலும், சந்தை விலையை மறைத்து விற்பவரை ஏமாற்ற அனுமதி இல்லை. ஊருக்குள் சரக்குக் கொண்டு வருபவர்களை வழியிலேயே மறித்து, சந்தை நிலவரம் தெரிவதற்கு முன் மலிவாக வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து பார்த்த பிறகு வியாபாரத்தை முறிக்கும் உரிமையை விற்றவருக்குக் கொடுத்தார்கள். ஆகவே தரகரிடம் போவதற்கு முன் நீங்களே நாலு இடத்தில் விசாரியுங்கள். முதலில் நிறுவனத்திடமே கேளுங்கள். பெயர் மாற்ற அனுமதி உண்டா, கட்டணம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரு பக்கமும் கமிஷன் வாங்குபவர் என்றால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தரகரே பினாமியில் வாங்கிவிடவும் கூடாது. விற்கச் சொல்லிப் பொறுப்புக் கொடுக்கப்பட்ட வகீல் தனக்கே விற்றுக்கொள்வது நம் மத்ஹபில் செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகளும் உங்களுக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அதைக் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகின்றன.

அப்படியும் மனிதர்கள் இருந்தார்கள்

இதெல்லாம் இந்தக் காலத்தில் நடக்குமா என்று கேட்பீர்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு சம்பவம் எழுதுகிறார்கள். ஸரிய்யுஸ் ஸகதீ (ரஹ்) 60 தீனாருக்குப் பாதாம் வாங்கி வைத்திருந்தார்கள். 3 தீனார்தான் லாபம் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். பிறகு சந்தையில் விலை 90 ஆகிவிட்டது. ஒரு தரகர் வந்து கேட்டார். 63 என்றார்கள். விலை 90 ஆகிவிட்டதே என்றார் தரகர். நான் 63-க்கு மேல் விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் என்றார்கள் இவர்கள். எந்த முஸ்லிமையும் ஏமாற்றுவதில்லை என்று நானும் அல்லாஹ்விடம் உறுதி கொடுத்திருக்கிறேன், 90-க்குக் குறைவாக வாங்க மாட்டேன் என்றார் தரகர். கடைசியில் வியாபாரமே நடக்கவில்லை!

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஆள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்துக் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது இதைவிட அதிகம் பெறும் என்று சொந்தக்காரரிடம் தாமே விலையை ஏற்றிக்கொண்டே போய் 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்ததை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். தம் ஆள் சாதித்துவிட்டு வந்த மலிவை அவர்கள் கெட்டிக்காரத்தனமாக எண்ணவில்லை.

நாம் அந்த அளவுக்கு உயர முடியாமல் போகலாம். 90 பெறுவதை 63-க்கு விற்க வேண்டாம். 63 பெறுவதை 90-க்குத் தள்ளாமல் இருக்கலாமே. அது நீதியின் அளவு. அதற்கு மேல் செய்தால் அது இஹ்ஸான்.

சகோதரர்களே, வீட்டுக்குப் போனதும் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மீதி வருடத்தை எண்ணுங்கள். நியாயமான விலையை எழுதுங்கள். குறைகளை அதன் கீழே எழுதுங்கள். குடும்பத்தில் உள்ளவர்களிடமும் காட்டுங்கள். அந்தத் தாளை மாற்றாமல் காட்டச் சம்மதிக்கும் தரகர் கிடைத்தால் கொடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே நேரில் பேசி விற்றுவிடுங்கள். போன 3 லட்சத்துக்காகப் பொறுமையாக இருந்தால் அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அதை இன்னொருவரிடமிருந்து பிடுங்கினால் கூலியும் போய், ஹக்குல் இபாத் என்ற கடன் கழுத்தில் ஏறும். அந்தக் கடனை நாளை நன்மைகளைக் கொண்டுதான் அடைக்க வேண்டியிருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையைத் தருவாயாக! நஷ்டம் வரும்போது பொறுமையையும், விற்கும்போது தாராளத்தையும், வாங்கும்போது தெளிவையும் தருவாயாக! எங்கள் நாவையும், எங்களுக்காகப் பேசுபவர்களின் நாவையும் பொய்யை விட்டுப் பாதுகாப்பாயாக! எங்கள் உப்பளத் தொழிலாளர்கள், மீனவர்கள், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.